மூன்று நாட்டுக்கு ஒரு மீன்

நலம் தழைக்க. ஆறு கடலைத் தேடி ஓடும் நாள்வரை நெடுங்கழி நாட்டின் வெண்குடை நிழல் சுருங்காதிருக்க. உப்பும் மீனும் ஒருசேர விளையும் கழிமுகத்தின் காவலரும், அலை வந்து அடிதொழும் அரியணைக்கு உரியவரும், தம் தூதரின் பிழைகளை இதுகாறும் சிரித்தபடியே பொறுத்தருளியவருமான மாவேள் அறவாழித் தேவரின் திருமுன்புக்கு, செவ்வரை நாட்டுத் தலைநகரின் விருந்தினர் மாளிகையிலிருந்து தூதன் வெண்காடன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. வேந்தர் திருமுன் செல்லும் ஓலையில் எழுதுவோன் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ளுதல் நம் அவை மரபன்று ஆதலால், இதில் வெண்காடன் யாரோ ஒருவனைப் போலவே வருவான். இம்முறை அவனுக்கு அது மிகுந்த வசதியாகவும் இருக்கிறது.

தேவரீர் மேலே கேட்கும் முன்பு ஒரு விண்ணப்பம். இவ்வோலையை ஏந்தி வாசிப்பவரை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, கால்வேகமுள்ள காவலன் ஒருவனை உப்பளத் தெருவில் வெண்காடனின் மகள் உமைநங்கை வீட்டுக்கு ஓடவிட வேண்டும். அங்கே அவள் கைக்குழந்தையின் தொட்டில், தாத்தன் அனுப்பிய கிளிப்பச்சைப் பட்டால் கட்டப்பட்டிருக்கும். அதை அவிழ்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, பட்டை ஆற்றில் எறியாமலும் அடுப்பில் இடாமலும் ஆளரவமற்ற மேட்டில் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் தாத்தன் வந்து சொல்வான் என்க. மகள் வைவாள், அந்த வசவையும் காவலனே வாங்கிக்கொண்டு வரட்டும். அவன் போய்விட்டானா? இனி வாசிக்கலாம்.

வந்த காரியத்தை முதலில் சொல்லுதல் ஓலைமுறை. தேவரீர் அறிந்ததே எனினும் சொல்லிவிடுகிறான். ஒரே ஆறு மூன்று நாடுகளில் ஓடுகிறது: மலையடியில் செவ்வரை, நடுவில் இடையாறு, கடைசியில் நாம். கடைக்கு வரும் சரக்கால் நீருக்கும் உடலுக்கும் கேடு உண்டா என்று அறிய மூன்று நாட்டிலும் ஒரே சோதனைதான். சரக்கைத் தாழி நீரில் ஊறவிட்டு, அதிலே உயிர்மீன் ஒன்றை விட்டு, பொழுது விடிந்தது முதல் சாயும்வரை பார்ப்பார்கள். மீன் பிழைத்தால் சரக்குக்கு அரச முத்திரை உண்டு. மீன் செத்தால் சரக்கு வந்த வழியே திரும்பும். சோதனை ஒன்றே ஆயினும் மீன் வேறு. செவ்வரையார் விரால் விடுகிறார்கள், இடையாற்றார் கெண்டை விடுகிறார்கள், நாம் அயிரை விடுகிறோம். விரல் நீளம்கூட இல்லாத, தண்ணீர் சற்றுக் கெட்டாலே வாடிவிடும் பூஞ்சை மீன். நம் முன்னோர் அயிரையைத் தேர்ந்தது அறவுணர்ச்சியால் என்று அவைப் புலவர்கள் பாடுவதுண்டு. விராலை விட்டால் மாலையில் சோதனைக்காரர்களே அதைக் குழம்பு வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் அயிரைக்கு மாறினோம் என்பது சோதனைக்கூடத்துப் பேச்சு. எப்படியோ, நல்ல மீனாக வாய்த்தது.

இந்த மீன் வேற்றுமையால் ஒரு நாட்டில் முத்திரை பெற்ற சரக்கு அடுத்த எல்லையில் மறுபடி தாழியில் விழுகிறது, படகுகள் துறையில் தேங்குகின்றன, வணிகர் கூக்குரலிடுகிறார்கள். ஆகவே எந்த நாடு முத்திரை வைத்தாலும் மற்ற இரு நாடுகளும் மறுசோதனை கேளாமல் ஏற்க வேண்டும் என்று ஒருமுத்திரை உடன்படிக்கை ஒன்றைச் செவ்வரையார் வரைந்தார்கள். அதை ஏற்றால், உப்பேறி வயல் பொய்த்துக் கிடக்கும் நம் நாட்டுக்கு அவர்களுடைய மலைநெல் படகு படகாக வரும். ஏற்காவிட்டால் ஒரு மணியும் வராது. தேவரீர் தம் கணையாழியைக் கழற்றி வெண்காடன் உள்ளங்கையில் வைத்து, போய் அரக்கில் அமுக்கிவிட்டு வா, அங்கே நீட்டி முழக்காதே என்று பணித்தருளியது அதனாலேயே. வெண்காடன் அரக்கில் அமுக்கவில்லை. நீட்டி முழக்கியதுண்டு. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று.

அவை கூடிய முதல் நாள் காலையில், ஒப்புரவின் அடையாளமாக மூன்று நாட்டு ஆற்றுநீரையும் ஒரு பெருந்தாழியில் கலந்து, மூன்று நாட்டாரும் தத்தம் மீனை அதில் விட்டார்கள். அரசியார் வயிரமேகலை நாச்சியார் அரியணையில் வீற்றிருக்க, சரக்குச் சோதனைக்கும் முத்திரைக்கும் பொறுப்பான முத்திரை நாயகம் காளத்தியார், செவ்வரையின் பெருமை என்று உலகம் புகழும் கிளிப்பச்சைப் பட்டை எடுத்து வெண்காடன் தோளில் போர்த்தினார். மலைக்கல்லை இடித்துக் காய்ச்சி எடுக்கும் சாயம் அது. கண்ணை மூடினாலும் இமைக்குள் நிற்கும் பச்சை. ஊர் வந்து இறங்கிய அன்றே இதே பட்டில் ஒரு பாகம் வரவேற்புப் பரிசாகக் கிடைத்தது. அதைத்தான் இந்தப் புத்திசாலி, கடைச்சரக்கு அல்ல என்பதால் சோதனையும் இல்லாமல், அன்றே கீழே போகும் படகில் பேத்திக்கு அனுப்பி வைத்தான்.

வெண்காடன் பேசத் தொடங்கினான். நட்பைப் பற்றிப் பேசினான், ஆற்றைப் பற்றிப் பேசினான், ஆற்றையும் நட்பையும் சேர்த்து ஓர் உவமைக்குள் நுழைந்தவன் வெளியே வரும் வாசல் தெரியாமல் அதற்குள்ளேயே சுற்றினான். கைவீச்சில் பட்டின் தலைப்பு தோளிலிருந்து நழுவித் தாழிக்குள் விழுந்து ஊறிக்கொண்டிருந்ததை அவன் அறியவில்லை. அவையில் மூச்சுச் சத்தமும் இல்லை. அந்த அமைதி தன் நாவன்மைக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணி, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் இன்னும் சற்று நீட்டினான். பேசி முடித்து, கைதட்டல் வருமென்று திரும்பியவன் கண்டது இது: அயிரை வெள்ளை வயிறு காட்டி மிதந்தது. கெண்டை பக்கமாகச் சாய்ந்து ஒரு முறை செவுளை விரித்து அடங்கிற்று. விரால் மட்டும் வாயை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு அவையோரைப் பார்த்தது. தாழிநீர் வெளிறிய பச்சையாக இருந்தது.

நம் தூதோலைகளில் பிறர் சொன்னதை மெருகிடாமல், வாயிலிருந்து விழுந்தபடியே வரைய வேண்டும் என்பது தேவரீரின் பாட்டனார் இட்ட ஆணை. ஆகவே இனி வரும் பேச்சுகளின் கொச்சைக்கு வெண்காடன் பொறுப்பல்லன். முதலில் வாய் திறந்தவர் இடையாற்று நாட்டு அமைச்சர் மருதவேளார்.

"ஏன் வெண்காடரே, உம்ம பேச்சைக் கேட்டா மனுசந்தான் மயங்குவான்னு நெனச்சேன். மீனே உசுர விட்டுருச்சேய்யா!"

அவை குலுங்கச் சிரித்தது. வெண்காடனும் சிரித்தான். தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்போது தானும் முந்திக்கொண்டு சிரித்துவிடுவது அவன் பிழைப்பின் முதல் பாடம். காளத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. தாழியை மூடி உடனே வெளியே கொண்டுபோகச் சொன்னார். தூக்க வந்த பணியாளர்கள் தாழியைத் தொடும் முன்பு கைகளில் துணி சுற்றிக்கொண்டதை வெண்காடன் சிரித்தவாறே பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தோளில் கிடந்த ஈரப் பட்டு திடீரென்று கனத்தது. உப்பளத் தெருத் தொட்டில் அப்போதுதான் அவன் நினைவில் ஆடிற்று. வெறும் சந்தேகத்தை எழுதி மகளைக் கலங்கடிக்க வேண்டாம், காரணம் உறுதியானதும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டது அவன் பிழை.

அன்று முதல் இந்த ஊரில் அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மீன் எதனால் செத்தது? தூதனுக்குரிய நயத்தோடும் கேட்டான், நயமில்லாமலும் கேட்டான். கேள்வியை யாரும் தவிர்க்கவில்லை. பதிலைத்தான் தவிர்த்தார்கள்.

"பயந்திருக்கும்" என்றார் காளத்தியார். "புது எடம், புதுத் தண்ணி, இத்தன பேரு."

பயந்த மீன் ஒதுங்குமே தவிர மிதக்காது என்று வெண்காடன் பணிவுடன் எடுத்துரைத்தான்.

"உங்க மீனு வரும்போதே நோஞ்சானாத்தான் வந்துச்சு. விருந்தாளி மனசு நோவுமேன்னு நாங்க சொல்லல."

கெண்டை இடையாற்று மீனாயிற்றே, அதுவும் நோஞ்சானா என்று வினவினான்.

"நீரு செத்த மீனப் பத்தியே பேசுறீரு. பொழச்ச மீனப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீரா? எங்க விரால் கல்லுமாதிரி இருக்கு. அது தேறிருச்சுன்னா பட்டு தேறிருச்சுன்னு அர்த்தம். உடன்படிக்கையில அப்படித்தான் போட்டிருக்கு, படிச்சுப் பாரும்."

வெண்காடன் உடன்படிக்கையை விட்டுவிட்டு விராலைப் படிக்கத் தொடங்கினான். மாளிகைச் சமையற்கட்டில் உயிருள்ள விரால் ஒன்று வேண்டும் என்று கேட்டான். மிளகு தடவிப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். மறுபடி கேட்டான். இம்முறை உயிரோடு, ஆனால் 'ஐயாவுக்கு மண்டையில என்னமோ' என்ற பார்வையோடு கொண்டுவந்தார்கள். அதைத் தொட்டியில் விட்டு ஒரு பகல் முழுதும் எதிரே உட்கார்ந்திருந்தான். கீழே கிடக்கும், மேலே வரும், வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு விழுங்கும், மறுபடி கீழே போகும். தண்ணீரில் குடியிருந்துகொண்டே மூச்சை வெளியில் வாங்கும் மீன் அது. அதனிடம் போய்த் தண்ணீர் நல்லதா என்று கேட்பது, ஊரில் காலெடுத்தும் வைக்காதவனிடம் ஊர் நிலவரம் கேட்பதற்குச் சமம். செவ்வரையார் விராலை வைத்து முத்திரை கொடுத்தது சோதனைக்காக அன்று. சோதனை செய்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காக.

இதை உணர்ந்தபின் வெண்காடன் நகரத்தில் நடக்கப் போனான். மரியாதைக்கு என்று ஒரு காவலன் பின்னாலேயே வந்தான். செவ்வரை அழகான ஊர்தான், தேவரீர். தெருவெல்லாம் மஞ்சள் சேலை, செம்பட்டு, நீலத் தலைப்பாகை. வெகுதூரம் நடந்தபின்பே அவனுக்கு உறைத்தது. இத்தனை நிறத்திலும் பச்சை இல்லை. கோயில் கொடியில் இல்லை, மணப்பெண்ணின் கூறையில் இல்லை, தூளியில் இல்லை, எதிரே வந்த பாடையின் மேல் போர்த்தியதிலும் இல்லை. ஊரே அந்தச் சாயத்தால் பிழைக்கிறது. ஊரில் ஒரு முழம்கூட அந்தச் சாயம் இல்லை. அவையில் போர்த்திய மரியாதையைக் கழற்றுவது தூதனுக்கு அழகல்ல என்று பச்சை போர்த்தி நடந்தவன் வெண்காடன் ஒருவனே. எதிரே வந்தவர்கள் பணிவாக விலகி வழிவிட்டதைத் தன் தகுதிக்குக் கிடைத்த சிறப்பு என்று அதுவரை நினைத்திருந்தான்.

பூக்காரி ஒருத்தியிடம் நின்று, உங்கள் ஊர்ப் பட்டை நீங்கள் ஏன் உடுத்துவதில்லை தாயே என்று கேட்டான். அவள் பூக்கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு அது ஆவாதுங்க சாமி."

ஏன் ஆகாது என்றான்.

"ஆவாதுன்னா ஆவாதுதான். நீங்க வெளியூரு. உங்களுக்கு ஆவும்."

அந்தச் சொல்லில் வன்மம் இல்லை, தேவரீர். உங்கள் ஊர் மழை, எங்கள் ஊர் வெயில் என்பது போல இயல்பாகச் சொன்னாள்.

சாயப்பட்டறைகள் நகரின் கீழ்க்கோடியில் இருக்கின்றன. அரண்மனைக்கும் ஊருக்கும் குடிநீர் மேற்கே, ஆறு மலையைவிட்டு இறங்கும் இடத்தில் எடுக்கிறார்கள். பட்டறைக் கழிவு இறங்குமிடத்துக்குக் கீழே அவர்கள் நாடு சிறிது தூரமே. அதற்கப்பால் இடையாறு, அதற்கப்பால் நாம். கரையில் கொடிகட்டிப் பட்டை உலர்த்தியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் நிலத்தில் புல் கருகிக் கிடக்க, கொடியில் மட்டும் பச்சை அசைந்தது. கொக்கு இல்லை, காகம் இல்லை, ஈகூட இல்லை. வாய்க்கட்டுக் கட்டிய ஆட்கள் பேச்சில்லாமல் வேலை செய்தார்கள். பலர் விரலில் நகமில்லை. வெண்காடன் நின்று பார்த்தபோது, பின்னால் வந்த காவலன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"இங்க நிக்காதீங்க ஐயா. காத்து இப்பிடி அடிக்குது."

மாளிகைக்குத் திரும்பினால், கட்டிலில் புதிதாக ஒரு பச்சைத் திண்டு இருந்தது. மறுநாள் பச்சைத் திரைச்சீலை வந்தது. அதற்கடுத்து விரிப்பு வந்தது. எல்லாம் காளத்தியாரின் அன்பளிப்பு என்றார்கள். இத்தனை அன்பை வெண்காடன் தன் மாமியார் வீட்டிலும் கண்டதில்லை. தோள்பட்டையில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. அனைத்தையும் சுருட்டி முற்றத்தில் ஒதுக்கிவிட்டு வெறும் பலகையில் படுத்தான். அறை தன்னைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருவதாகத் தோன்றிற்று. அன்பால் செய்தார்களா, அறியாமல் செய்தார்களா, கேள்வியை நிறுத்தச் செய்தார்களா என்பதை வெண்காடன் இன்றும் அறியான்.

மருதவேளாரைத் தேடிப் போனான். நல்ல மனிதர், எந்தக் கேள்வி கேட்டாலும் உடல்நலம் விசாரிப்பார். மீன் எதனால் செத்தது என்று கேட்டதற்குச் சாப்பிட்டீரா என்றார். பட்டின் சாயத்தை உங்கள் கெண்டையே தாங்கவில்லையே என்றதற்கு, இந்த வெயில் உமக்கு ஒத்துக்கொள்கிறதா என்றார். மேலாடையை அவிழ்த்து உரிந்த தோலைக் காட்டினான். வேளார் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு பணியாளர்களை வெளியே போகச் சொன்னார்.

"எங்க ஊரு வாத்துங்க ஆத்துல எறங்குறதில்ல வெண்காடரே. கரை வரைக்கும் போகும், நின்னு பாக்கும், திரும்பிரும். வாத்துக்குத் தெரிஞ்சது அமைச்சனுக்குத் தெரியக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

பின் ஏன் உடன்படிக்கைக்குத் தலையாட்டுகிறீர் என்று கேட்டான்.

"முத்திரை ஒண்ணாயிட்டா உங்க ஊருக்கு அந்தத் துணியச் சுமக்கப்போற படகு பூரா எங்க படகுய்யா. இன்னும் என்ன சொல்லச் சொல்றீரு? ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போம்."

மோர் குடித்துவிட்டு வந்தான்.

இரண்டாம் முறை அவை கூடியபோது வெண்காடன் பட்டு போர்த்தாமல் போனான். ஒரே முத்திரை என்பது நல்ல எண்ணமே, அதை நெடுங்கழி வரவேற்கிறது. ஆனால் ஒரே முத்திரைக்கு ஒரே மீன் வேண்டும், அந்த மீன் மூன்றில் மிக மெலிந்ததாக இருக்க வேண்டும். மெலிந்தது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், வலியது பிழைத்தால் அது மட்டுமே பிழைத்ததாகும். ஆகவே அயிரையே மூன்று நாட்டுக்கும் பொதுவாகுக என்று எடுத்துரைத்தான். இம்முறை சுருக்கமாகவே பேசினான். அதையும் யாரும் பாராட்டவில்லை.

காளத்தியார் எழுந்தார். "அயிரைய வச்சா எங்க ஊரு புளிக்குக்கூட முத்திரை கெடைக்காது. யாராலயும் நடத்த முடியாத சட்டத்தப் போட்டுட்டு என்ன பண்ணப் போறீரு? பட்டறையில வேலை செய்யுற சனம் நாளைக்கு எங்க போவும், உம்ம மாளிகைக்கா? பெரிய யோக்கியரு மாதிரி பேசுறீரே, உங்க ஊருல இருந்து தோணிக்குப் பூசன்னு கொடங்கொடமா கீல் விக்குறீங்களே, அதுல அயிரைய விட்டுப் பாத்துட்டா எங்களுக்கு அனுப்புனீங்க?"

தேவரீர், வெண்காடன் வாயடைத்து நின்றான். அயிரைச் சோதனை நம் ஊர்க் கடைக்கு வரும் சரக்குக்குத்தான். வெளியே போகும் கீலை நாம் எந்தத் தாழியிலும் இறக்கியதில்லை. அதைத் தேவரீர் அறிவீர், அவனும் அறிவான், இப்போது காளத்தியாரும் அறிந்திருக்கிறார். பூக்காரி சொன்ன 'உங்களுக்கு ஆவும்' என்ற சொல்லை நாமும் நம் துறைமுகத்தில் நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், வாயைத் திறக்காமல்.

மறுநாள் உச்சிக்குள் கணையாழி அரக்கில் பதியாவிட்டால் நெற்படகுகள் அவிழ்க்கப்பட்டு மலைக்கே திருப்பப்படும் என்று காளத்தியார் அறிவித்து அவையைக் கலைத்தார். துறையில் அந்தப் படகுகள் நிற்கின்றன. வெண்காடன் போய்ப் பார்த்தான். நல்ல முற்றிய நெல். மூட்டை ஒவ்வொன்றின் வாயும் கிளிப்பச்சைத் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. நம் ஊரில் இந்த நெல்லை எதிர்பார்த்து உலை வைக்கக் காத்திருக்கும் பெண்களை நினைத்தான். அந்தத் துணியை வீணாக்காமல் அவிழ்த்து, துவைத்து, பிள்ளைக்கு இடுப்பில் கட்டிவிடப்போகும் பெண்களும் அவர்களே என்பதையும் நினைத்தான். ஒரு நாட்டின் பசியை ஒரு கையிலும் அதே நாட்டின் நோயை மறுகையிலும் வைத்துக்கொண்டு எடைபார்க்கும் அளவுக்கு அவனுக்கு அறிவு போதாது. கோமாளித்தனம் செய்து அவையைக் கலகலப்பாக்குவான் என்றுதான் தேவரீர் அவனைத் தூதனாக்கினீர். இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே இன்று காலை அரசியாரிடம் விடைபெறும் சாக்கில் தனியே காண வேண்டினான். அழைத்துப்போன வழி உள்நாட்டுச் சரக்குகளின் சோதனைக்கூடம் வழியாக அமைந்தது. ஊர்க் கடைகளுக்குப் போகும் மஞ்சள், சிவப்புத் துணிகள் தாழிகளில் ஊறிக்கொண்டிருந்தன. வெண்காடன் நடந்தவாறே ஒரு தாழிக்குள் எட்டிப்பார்த்தான். அடுத்ததிலும் பார்த்தான். கால் அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்தவன் சரேலென்று முன்னால் வந்து மறைத்து, நேரமாகிறது என்றான்.

வயிரமேகலை நாச்சியார் மேல்மாடத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் வெண்காடனுக்கு இளையவர், களைப்பில் மூத்தவர். அருகில் காளத்தியார், தட்டில் உடன்படிக்கையும் உருக்கிய அரக்கும். வெண்காடன் வணங்கினான். வாழ்நாளில் முதல்முறையாக உவமையின்றிப் பேசினான். அவையில் மீன்கள் எதனால் செத்தன? கீழே ஊர்ச் சரக்குத் தாழிகளில் ஏன் விரால் இல்லை? ஊருக்கு விடும் மீனை எங்களுக்கும் விடுவீர்களா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் அதன்பின் அரக்கைப் பற்றிப் பேசலாம் என்றான்.

"அவரு நல்லா பயணம் போய்ச் சேரட்டும் நாச்சியாரே, இதெல்லாம் இப்ப எதுக்கு..." என்று காளத்தியார் தொடங்கினார்.

"நீங்க போங்க காளத்தி" என்றார் நாச்சியார். "தெனமும் உங்க கிட்டயே கேட்டு அலுத்துட்டாரு. நான் சொல்லிக்கிறேன்."

காளத்தியார் தட்டோடு நின்றார். நாச்சியார் திரும்பிப் பார்த்தார். காளத்தியார் தட்டை வைத்துவிட்டுப் போனார். பிறகு அரசியார் விடை சொன்னார். அயல் வேந்தர் வாய்மொழி தூதன் சொற்களோடு கலவாமல், முத்திரைக்கும் கீழே, ஓலையின் கடைசியில் தனித்து நிற்க வேண்டும் என்பது நம் மரபு. ஆகையால் அது கீழே வருகிறது. அதைக் கேட்டபின் வெண்காடன் செய்தவற்றையும் வேண்டுபவற்றையும் முதலில் உரைக்கிறான்.

கணையாழி அரக்கில் பதியவில்லை. வெண்துணியில் பொதிந்து இவ்வோலையோடு திரும்பி வருகிறது. பதிக்கவோ உடைக்கவோ உரிமை தேவரீருக்கே. நெற்படகுகள் திரும்பிப்போயிருக்கும். அதற்குரிய தண்டனையை வெண்காடன் கேட்டு வாங்கிக்கொள்வான். அதுவரை அவன் வீட்டு நெற்களஞ்சியத்தைத் திறந்து உப்பளத் தெருவில் உலையின்றி இருப்போருக்கு அளந்துவிடச் சொல்லியருள்க. கணையாழி கையில் இருந்த உரிமையால், கிளிப்பச்சை ஏற்றிய படகு எதுவும் நம் எல்லையில் மூங்கில்துறையைத் தாண்டக் கூடாது என்று துறைக்காவலருக்கு ஆணை விடுத்துவிட்டான். அந்த ஆணையைத் தேவரீர் உறுதி செய்க. ஆற்றங்கரை ஊர்களில் இனிக் கிணற்று நீரே மொள்ள வேண்டும் என்று இன்றே பறையறைவிக்க. சோதனைக்குத் தப்பி ஒளிவாகக் கடைவீதியில் விற்றுப்போன பச்சைத் துணிகளை வீடுவீடாகப் போய் வாங்கிப் புதைப்பிக்க. இத்தனைக்கும் முன்னதாக, நம் கீல்குடம் ஒன்றைத் திறந்து அயிரை விட்டுப் பார்க்கச் செய்க. என்ன நேர்ந்தாலும் அதை மறைக்காமல் மற்ற இரு நாட்டுக்கும் ஓலையில் எழுதிவிடுக. அடுத்த முறை வெண்காடனோ வேறொருவனோ அவையில் எழுந்து பேசும்போது வாயடைத்து நிற்காதிருக்கட்டும்.

உப்பு உலராத கரையும், வலை காயாத குடிகளும், தேவரீர் செங்கோலும் நெடிது நிலைக்க. சொன்னது சொன்னபடியும் கண்டது கண்டபடியும் வரைந்து, தூதன் தன் முத்திரை மட்டும் இட்டுக் கட்டிய ஓலை இது. கண்டவுடன் நிறைவேற்றுக. வெண்காடன் எழுத்து.

முத்திரையின் கீழ், செவ்வரை அரசியார் வயிரமேகலை நாச்சியார் வாய்மொழி:

"எங்க சாயத்தாலதான் செத்துச்சு வெண்காடரே. என் தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தப் பச்சைதான் கட்டுனா. தாலி ஏறி மாசம் திரும்புறதுக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் ஊருக்குள்ள விக்கிற எதுக்கும் அயிரைதான் விடுறோம். வெளியே போறதுக்கு மட்டும் விரால். உங்களுக்கும் அயிரை விடுவியான்னு கேட்டீரு. விடமாட்டேன். நான் மட்டும் விட்டா, மறுநாளே பட்டறை பூரா இடையாத்துக்குப் போயிரும். வேளாரு மோர் குடுத்துக்கிட்டே கதவத் தொறந்து வச்சிருக்காரு. மூணு பேரும் ஒரே நாளுல ஒரே மீன விட்டாத்தான் இது நிக்கும். உங்க கீலுல தொடங்கச் சொல்லும் உங்க ராசாவ, அப்புறம் என் கிட்ட வரட்டும். அது வரைக்கும் நீரு முத்திரை வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி, ஆறு உங்க பக்கந்தான் ஓடுது."